சொல் கேட்பதற்கும் கணக்கு உண்டு: சப்ரகமுவத் தோட்ட வீடுகளில் ஆளுதலும் அடங்குதலும்

தோட்டத் தலைவரின் வாசலுக்கு வரும் புருஷன் பெண்டாட்டிச் சண்டைகளில் பாதிக்கு மேல் இரண்டு வாக்கியங்களில் அடங்கிவிடும். "சொன்னா கேக்குறாளா பாருங்க, ஒரு வார்த்தைக்கு ஒம்போது வார்த்தை பேசுறா" என்பான் அவன். "வீட்டுக்கு வேண்டியத ஒழுங்காப் பாத்தா நான் ஏன் வாயத் தொறக்கப் போறேன்?" என்பாள் அவள். தலைவர் இருவரையும் கேட்பார். அவனைக் கொஞ்சம் அதட்டுவார். அவளிடம் "நீயும் கொஞ்சம் அனுசரிச்சுப் போ தங்கச்சி" என்று சொல்லிப் பஞ்சாயத்தை முடிப்பார். அடுத்த சம்பள நாளுக்குப் பிறகு அதே இருவர் அதே வாசலில் நிற்பார்கள்.

அவள் சொன்னதை அங்கே யாரும் சரியாகக் காதில் வாங்கவில்லை என்பதே இதற்குக் காரணம். சொல் கேட்கமாட்டேன் என்று அவள் எங்கும் சொல்லவில்லை. சொல் கேட்பதற்கு ஒரு நிபந்தனை இருந்தது, அதை அவன் மீறிவிட்டான் என்கிறாள். அவனுக்கோ அப்படியொரு நிபந்தனை இருந்ததே தெரியாது. தாலி கட்டிய அன்றே அவளது பணிவு தனக்கு வந்து சேர்ந்துவிட்டதாக நினைக்கிறான். ஒருவருக்கு அது உரிமை, மற்றவருக்கு அது கொடுக்கல் வாங்கல். ஒருவர் ஆள, ஒருவர் அடங்க என்று அமைந்த உறவுகளைப் பற்றிப் பேசும்போது யார் மேலே, யார் கீழே என்றுதான் வழக்கமாகக் கேட்கிறோம். சப்ரகமுவத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களைப் பார்த்தால் வேறு கேள்விகள் முக்கியமாகின்றன. இந்த ஏற்பாட்டின் விதிகளை எழுதியவர் யார்? அந்த விதிகளை இருவரும் ஒரே மாதிரிதான் புரிந்துகொண்டார்களா? வேண்டாம் என்றால் எழுந்து போக வழி இருக்கிறதா?

முதல் கேள்விக்கான பதில் பழைய தோட்டக் கணக்கேடுகளில் இருக்கிறது. தென்னிந்தியாவிலிருந்து கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் ரப்பருக்குமாகக் கொண்டுவரப்பட்டவர்கள், ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணியின் கூட்டமாக வந்தார்கள். கடனும் கூட்டத்தின் பெயரில், குடும்பத்தின் பெயரில்தான் இருந்தது. ஒரு பெண் பெரும்பாலும் தனியாளாக எழுதப்படவில்லை. இன்னாரின் பெண்சாதி, இன்னாரின் மகள் என்றே எழுதப்பட்டாள். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஆணுக்கு ஒரு விகிதம், பெண்ணுக்கு ஒரு விகிதம், பிள்ளைக்கு ஒரு விகிதம் என்று மூன்றாகப் பிரித்தது. ஆணுக்கு ஐந்து பங்கு என்றால் பெண்ணுக்கு ஏறத்தாழ நான்கு. மலையில் கொழுந்து எடுப்பது பெரும்பாலும் அவள்தான், தோட்டத்தின் வருமானம் அவள் விரல்களில்தான் இருந்தது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த வித்தியாசம் 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்திற்குப் பிறகே நீங்கியது. அதாவது, இன்று பாட்டியாக இருக்கும் பல பெண்கள் தங்கள் உழைப்பு ஆணின் உழைப்பைவிடக் குறைந்தது என்று சட்டமே சொன்ன காலத்தில் கலியாணம் கட்டியவர்கள்.

கூலி வித்தியாசத்தைவிட ஆழமாகப் பதிந்தது, அந்தக் கூலியை யார் கையில் கொடுத்தார்கள் என்பது. மனைவியின் சம்பளத்தைக் கணவன் போய் வாங்கிவரும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் இருந்தது. ரேச்சல் குரியன் 1980களின் தொடக்கத்தில் சர்வதேசத் தொழில் அமைப்புக்காக எழுதிய ஆய்வு இதைப் பதிவு செய்திருக்கிறது. பிறகு குமாரி ஜயவர்தனவுடன் சேர்ந்து 2015இல் அவர் வெளியிட்ட நூல், வீட்டுக்குள் இருக்கும் ஆணின் அதிகாரத்தையும் காலையில் பேர் போடும் பிரட்டுக்களத்தில் இருக்கும் தோட்டத் துரையின் அதிகாரத்தையும் ஒரே துணியின் இரண்டு பக்கங்களாகக் காட்டுகிறது. சம்பள மேசையில் பெண் நின்றால் நேரம் வீண், அந்த நேரத்தில் இன்னும் இரண்டு கிலோ எடுப்பாள் என்பது நிர்வாகத்தின் கணக்கு. அந்தக் கணக்கு லயக் காம்பராவுக்குள் நுழைந்தபோது "ஆம்பளைதான் காசு வாங்கணும்" என்ற மரபாகிவிட்டது. காம்பராவும் அப்படித்தான். அது தோட்டத்தின் சொத்து, தோட்டத்தில் பேர் பதிந்தவருக்குக் கொடுக்கப்படுவது, பெரும்பாலும் குடும்பத் தலைவன் என்று கருதப்பட்டவனின் பேரில். குடியுரிமை விஷயத்திலும் இதே வழிதான். 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் கணவன் விண்ணப்பித்தால் மனைவியும் பிள்ளைகளும் அதற்குள் சேர்க்கப்பட்டார்கள். தோட்ட மக்களை இந்தியாவுக்கும் இலங்கைக்குமாகப் பங்கிட்ட 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பிறகு "இந்தியாவுக்கு எழுதிக் குடுத்தாச்சு" என்று வீட்டில் வந்து சொன்னதும் பெரும்பாலும் அவன்தான். எந்த நாட்டில் சாவது என்பதையே அவன் கையெழுத்து முடிவு செய்த வீட்டில், எந்தச் சேலை உடுத்துவது என்பதை அவன் முடிவு செய்ததில் யாருக்கு என்ன வியப்பு?

ஆக, கணவன் ஆள்பவன், மனைவி அடங்குபவள் என்ற ஏற்பாட்டை அவர்கள் இருவரும் உட்கார்ந்து பேசி அமைக்கவில்லை. சாதி வழக்கம் கொஞ்சம் எழுதியது, தோட்டக் கந்தோர் மிச்சத்தை எழுதியது. விதிகளை எழுதியவர்கள் அந்த வீட்டில் குடியிருக்கவில்லை. குடியிருந்தவர்கள் ஆளுக்கொரு அர்த்தம் எடுத்துக்கொண்டார்கள்.

இதுவரை சொன்னது நுவரெலியாவுக்கும் பதுளைக்கும் பொருந்தும். சப்ரகமுவத்தில் மேலும் சில சிக்கல்கள் உண்டு. மலையகம் என்றால் ஹட்டன் என்றே எழுதிப் பழகிய நம் கட்டுரையாளர்கள் பெரும்பாலும் இவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உயர்ந்த மலைத் தோட்டங்களில் வேலை ஆண் வேலை, பெண் வேலை என்று தெளிவாகப் பிரிந்திருக்கிறது. பெண்ணுக்குக் கொழுந்து, ஆணுக்குக் கவ்வாத்து, மருந்தடிப்பு, கான் வெட்டு. ஆணின் வேலை கட்டுக்கணக்கு. முடித்தால் மத்தியானத்திலேயே வீடு திரும்பலாம். பெண் மாலை வரை மலையில் நிற்பாள், நிறை போட்ட பிறகே இறங்குவாள். யட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்டைப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் அப்படியில்லை. பால் வெட்டுவது இருவருக்கும் பொதுவான வேலை. விடிவதற்குள் எழுந்து, வெயில் ஏறி மரத்தில் பால் கட்டுவதற்கு முன் இருவரும் ஆளுக்கொரு பகுதி மரங்களை வெட்டி, வாளியில் பால் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டுபோகிறார்கள். கத்தி ஒன்று, வேலை ஒன்று, 1984க்குப் பிறகு கூலியும் ஒன்று. அவளுடைய பட்டை வெட்டு அவனுடையதைவிடச் சுத்தமாக இருக்கலாம், அது கங்காணிக்கும் தெரியும். வேலையில் சமமாக நின்றுவிட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் ஒருத்தி அடங்க வேண்டியிருக்கிறது. தேயிலை வீட்டில் "அவர் வேலை வேற, என் வேலை வேற" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளலாம். ரப்பர் வீட்டில் அந்தச் சமாதானம் எடுபடாது. இரண்டு பேரும் சேர்ந்து வீட்டுக்கு வருகிறார்கள், ஒருவர் அடுப்படிக்குப் போகிறார், ஒருவர் திண்ணையில் உட்காருகிறார்.

இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழி இருக்கிறது. பெல்மதுளை, நிவித்திகலை, கஹவத்தை, பலாங்கொடைப் பகுதித் தோட்டங்களின் ஆண்கள் பலர் மழை நாட்களிலும் வேலை குறைந்த மாதங்களிலும் குழிக்குப் போகிறார்கள். அங்கே பெரும்பாலும் நாட்கூலி கிடையாது. சாப்பாடும் சிறு கைச்செலவும் உண்டு. கல் கிடைத்தால் நிலத்துக்காரர், அனுமதிப்பத்திரக்காரர், நீர் இறைக்கும் பம்புக்காரர் பங்குகள் போக மிச்சம் உழைத்தவர்களுக்கு. கல் கிடக்கும் இல்லப் படையை எட்டுவதற்கு வாரங்கள் ஆகலாம், எட்டிய பிறகு வெறும் சரளையே வரலாம். பெண்கள் குழியண்டை வரக்கூடாது என்ற வழக்கமும் அந்தத் தொழிலில் பரவலாக உண்டு. ஆகையால் வீட்டில் இரண்டு விதமான காசு புழங்குகிறது. ஒன்று அவளுடையது: சிறியது, மாதம் தவறாமல் வருவது, கடைக்காரரின் பற்றுக்கும் பிள்ளையின் அப்பியாசக் கொப்பிக்கும் போவது. மற்றது அவனுடையது: எப்போதாவது வருவது, வந்தால் பெரிதாக வரக்கூடும் என்ற கனவோடு திரிவது. அந்தக் கனவைக் காட்டித்தான் அவன் குடும்பத் தலைவன் என்ற இடத்தில் உட்கார்ந்திருக்கிறான். அவளோ இன்றைய அரிசியைக் கணக்கில் வைத்திருக்கிறாள். "நான் கஷ்டப்படுறது யாருக்காக?" என்று அவன் கேட்பதில் பொய் இல்லை. "நேத்து அடுப்பு எரிஞ்சது யாரால?" என்று அவள் கேட்பதிலும் பொய் இல்லை.

அடக்கத்திற்கு ஈடாக அவள் எதிர்பார்ப்பவற்றில் காசுக்கு அடுத்தது காவல். லயத்தில் பக்கத்து வீட்டுக்காரன், மலையில் கங்காணி, டவுனில் ரவுடி, மாமியாரின் வாய் ஆகிய எல்லாவற்றுக்கும் முன்னால் தனக்காக ஒருவன் நிற்பான் என்பது. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, கஹவத்தை, இறக்குவானைப் பகுதித் தோட்ட லயங்கள் தமிழருக்கு எதிரான வன்முறையில் தாக்கப்பட்டபோது அந்தக் காவலைக் கொடுக்க எந்தக் கணவனாலும் முடியவில்லை. ஆணும் பெண்ணும் ஒன்றாகவே ரப்பர்க் காட்டுக்குள் ஓடி ஒளிந்தார்கள். 1983இல் மறுபடியும். வன்முறையைப் பற்றி எழுதியவர்கள் எரிந்த லயங்களைக் கணக்கெடுத்தார்கள். வீடுகளுக்குள் நடந்த ஒரு சிறு மாற்றம் கணக்கில் வரவில்லை: காக்க முடியாதவன் என்று தன்னைத் தானே கண்டுகொண்ட ஒருவன், அதன் பிறகு எதன் பேரில் அதட்டுவது? சிலர் அதட்டலைக் குறைத்தார்கள். சிலர் கூட்டினார்கள். இரண்டாவது வகையினர் குறைவாக இருந்திருப்பார்கள் என்று நம்ப எனக்கு ஆசைதான்.

வேலியைத் தாண்டினால் சிங்களக் கிராமம். சப்ரகமுவத்தின் சுவையான ஒரு விஷயம் அங்கேதான் இருக்கிறது. அங்குள்ள சிங்களவரின் கண்டிய வழமையில் கலியாணம் இரண்டு வகை. தீக விவாகத்தில் பெண் கணவன் வீட்டுக்குப் போகிறாள். பின்ன விவாகத்தில் கணவன் பெண் வீட்டுக்கு வருகிறான், அவளது பெற்றோரின் நிலத்தில், அவளது கூரையின் கீழ் வாழ்கிறான். பின்ன மாப்பிள்ளை எந்த நேரமும் வெளியேறத் தயாராகக் கைத்தடியும் பந்தமும் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும் என்று பழைய ஆட்கள் கேலி செய்வதுண்டு. 1952ஆம் ஆண்டின் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி, கலியாணம் எந்த வகை என்பதைப் பதிவின்போதே குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால் தீகமென்று எடுத்துக்கொள்ளப்படும். இதனால் கண்டியப் பெண்கள் எல்லாரும் ராணிகளாக வாழ்ந்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. பின்ன விவாகம் இன்று அருகிவிட்டது, கிராமத்து வீடுகளிலும் அடி உதை உண்டு. ஆனாலும் யாருடைய வீட்டில் யார் வாழப்போகிறார்கள், யார் சொல் எடுபடும் என்பதைக் கலியாணத்துக்கு முன்பே கேட்டு, ஒரு தாளில் எழுதிவைக்க ஒரு சமூகம் வழி செய்திருந்தது. அந்தச் சட்டத்தில் வெளியேறும் வழியும் அகலமானது. இருவரும் சம்மதித்தாலே பிரியலாம்.

வேலிக்கு இப்பக்கம் உள்ள தமிழ்த் தம்பதிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அவர்களுக்கு 1907ஆம் ஆண்டின் பொது விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். அதன்படி பிரிய வேண்டுமானால் பிறர் மனை நாடியது, தீய எண்ணத்தோடு கைவிட்டது, தீராத ஆண்மையின்மை என்ற மூன்றில் ஒன்றை மாவட்ட நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். தமிழ்ப் பெண்ணும் சிங்களப் பையனும் கட்டிக்கொள்வது இந்த மாவட்டங்களில் அரிதான காட்சி அல்ல. அவர்களும் இந்தச் சட்டத்தின் கீழேதான் வருகிறார்கள். "ஒத்துப் போகல" என்பது தோட்டத்துப் பெண்ணுக்கு ஒரு காரணமாகச் சட்டத்தில் இல்லை. பக்கத்துக் கிராமத்துப் பெண்ணுக்கு இருக்கிறது. ஒரே மழை, ஒரே பஸ், ஒரே சந்தை. வெளியேறும் வாசல் மட்டும் வேறு.

எதிர்பார்ப்பை முன்கூட்டிப் பேசி எழுதிவைத்தால் பொருத்தமின்மை தீர்ந்துவிடுமா என்று கேட்டால், உலகின் வேறொரு மூலையிலிருந்து ஒரு கதை. லியோபோல்ட் பொன் சாஹர் மாசோக் என்ற ஆஸ்திரிய எழுத்தாளர் 1869இல் ஒரு பெண்ணோடு உண்மையாகவே ஓர் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட்டார். ஆறு மாதம் அவளுக்கு அடிமையாக இருப்பதாக ஒப்பந்தம். அந்த அனுபவத்திலிருந்து அடுத்த ஆண்டு ஒரு நாவலும் வந்தது. பிறகு அவர் மணந்துகொண்ட அவுரோரா, நாவலின் கதாநாயகியான வண்டா என்ற பெயரையே ஏற்றுக்கொண்டாள். கணவனை அடக்கி ஆளும் எசமானியாக இருக்க வேண்டியவள் அவள். 1906இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவள் சொல்வது வேறு: அந்த வேடத்தை அவள் விரும்பவில்லை, கணவனின் வற்புறுத்தலால்தான் சாட்டையை எடுத்தாள். மண்டியிட்டவர் விதிகளை எழுதினார். சாட்டை பிடித்தவள் கீழ்ப்படிந்தாள். ஆள்பவர் யார் என்பதை வெளித்தோற்றத்தில் தேடினால் ஏமாந்துபோவோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

இப்படி ஆளுதலையும் அடங்குதலையும் விரும்பித் தேர்ந்துகொள்ளும் இணையர்கள் இன்றும் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள். படுக்கையறையில் மட்டும் சிலர், வாழ்க்கை முழுக்கச் சிலர். அவர்களிடையே வரும் மனத்தாங்கலும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்: ஒருவர் இரவுக்கு மட்டும் என்று நினைத்தார், மற்றவர் சமையல் முதல் சம்பளம் வரை என்று நினைத்தார். ஆனால் 1980களிலிருந்து அவர்கள் தங்களுக்குள் ஒரு ஒழுங்கை வளர்த்துக்கொண்டார்கள். 1983இல் நியூயோர்க்கில் உருவான வாசகமொன்று பாதுகாப்பு, நிதானம், சம்மதம் என்று மூன்றை அடிப்படையாக வைத்தது. எது பிடிக்கும், எது கூடாது என்பதை முன்பே பேசுவது, எந்த நொடியிலும் நிறுத்தச் சொல்லும் ஒரு சொல்லை வைத்துக்கொள்வது, அந்தச் சொல் வந்ததும் ஆள்பவர் கையை எடுத்துவிடுவது என்று நடைமுறைகள் வந்தன. உலக சுகாதார நிறுவனம் 2022இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில், வயது வந்தவர்கள் சம்மதத்தோடு நடத்தும் இத்தகைய உறவு நோய் அல்ல. நம் ஆட்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். சுளித்துவிட்டுப் போகட்டும். ஒரு லயக் காம்பராவில் மனைவிக்கு இல்லாத ஒன்று அங்கே இருக்கிறது: நிறுத்தச் சொன்னால் நிற்கும் என்ற உறுதி.

இங்கே சட்டமே அந்த உறுதியைக் கொடுக்கவில்லை. 1995இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டபோது, கணவன் மனைவியைப் பலவந்தப்படுத்துவது, நீதிமன்றம் அவர்களைப் பிரித்துவைத்திருந்தால் மட்டுமே கற்பழிப்புக் குற்றமாகும் என்று எழுதப்பட்டது. ஒரே காம்பராவில் வாழும் மனைவியின் "வேண்டாம்" சட்டத்தின் காதுக்கு எட்டாது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, குறுக்கே ஒரு சீலைத் திரை, அந்தப்புறம் மாமியாரும் வளர்ந்த பிள்ளைகளும். கசிப்பு குடித்துவிட்டு வந்தவனோடு சத்தம் போட்டு மறுப்பதும் வெட்கம், மறுக்காமலிருப்பதும் வெட்கம். சத்தம் வராமலிருக்கப் பணிந்துபோகிறாள். அதை அவன் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறான். சொல்லப்படாத விதிகளின் பயங்கரம் இந்த இடத்தில்தான் முழுதாகத் தெரிகிறது. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய பெண்கள் நல்வாழ்வு ஆய்வு, நாட்டில் ஐந்தில் ஒரு பெண் தன் துணையின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருப்பதாகச் சொன்னது. அது நாடு முழுமைக்குமான கணக்கு. திரைக்கு அப்பால் ஆள் படுத்திருக்கும் வீட்டில் கேள்வித்தாளுக்கு என்ன பதில் வரும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

கணவன்மாரின் பக்கத்துக்கும் ஒரு வாதம் இருக்கிறது, அதைப் பலர் அனுதாபத்தோடு எழுதியிருக்கிறார்கள். பகலெல்லாம் துரைக்கும் கணக்குப்பிள்ளைக்கும் கங்காணிக்கும் தலை குனிந்தவன், இரவில் தலை நிமிர ஓரிடம் தேடுகிறான். அந்த இடம் வீடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே கங்காணிக்கு அவளும்தான் குனிந்தாள். நிறை குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் கூலி, போடுவேன் என்ற மிரட்டலை அவளும்தான் கேட்டாள். அவள் வீட்டுக்கு வந்து யாரையும் அடிக்கவில்லையே. அவமானம் ஆணை மட்டும் அடிக்க வைக்கிறது என்றால் காரணம் அவமானத்துக்கு வெளியே எங்கோ இருக்கிறது. நான் கண்ட அளவில் ஆணின் உண்மையான சங்கடம் வேறு. அவனுக்குத் தலைவன் வேடத்தைத் தவிர வேறு வேடம் தரப்படவில்லை. சம்பளத்தை அப்படியே மனைவி கையில் கொடுத்துவிட்டு "எல்லாம் அவளுக்குத்தான் தெரியும்" என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஒவ்வொரு லயத்திலும் உண்டு. அவர்களைப் பொண்டாட்டி தாசன் என்று லயமே சிரிக்கும். திருவள்ளுவரே பெண்வழிச் சேறல் என்று ஓர் அதிகாரம் முழுக்க அப்படிப்பட்டவனைக் கண்டித்திருக்கும்போது லயத்தைக் குறை சொல்லி என்ன பயன்? மனைவி சொல் கேட்டு நடப்பதில் சுகம் காணும் ஆணுக்கும், தான் முன்னே நடக்க விரும்பும் பெண்ணுக்கும் நம் வழக்கத்தில் பெயர் கிடையாது, பரிகாசம் மட்டும் உண்டு. அவர்களுடைய பொருத்தம் நல்ல பொருத்தமாக இருந்தும் வெளியே மறைத்து வாழ வேண்டியிருக்கிறது. அவன் டவுனுக்குப் போனால் அதட்டிக் காட்டுகிறான், வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்கிறான்.

மாற்றம் வெளியிலிருந்து வந்தது. 1980களிலிருந்து தோட்டத்துப் பெண்கள் மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். கொழும்பு வீடுகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் இளம்பெண்கள் போனார்கள். வெளிநாடு போன மனைவியின் சம்பளம் பெரும்பாலும் கணவனின் வங்கிக் கணக்குக்கு வந்தது. இரண்டு வருடம் கழித்து அவள் திரும்பும்போது இருவர் மனதிலும் இரண்டு விதமான வீடு. தான் அனுப்பிய காசில் எழுந்த சுவர் எது என்று அவள் தேடுகிறாள். பழைய மனைவி திரும்பிவிட்டாள் என்று அவன் நினைக்கிறான். அங்கே எசமானியின் ஏவலுக்கு இருபத்து நாலு மணி நேரமும் ஓடியவள், இங்கே வந்து ஏவலை ஒரு சம்பள வேலையாக நினைக்கப் பழகியிருக்கிறாள். சம்பளமில்லாத ஏவல் அவளுக்கு உறுத்துகிறது. அரசாங்கமும் இந்தக் குழப்பத்தில் தன் பங்குக்குப் பழைய விதியையே பிடித்துக்கொண்டது. 2013இல் வந்த குடும்பப் பின்னணி அறிக்கை முறை, ஐந்து வயதுக்குக் கீழ் பிள்ளையுள்ள தாய்மார் வெளிநாட்டு வேலைக்குப் போவதைத் தடுத்தது. மற்றத் தாய்மாரிடமும் கணவனின் அல்லது பாதுகாவலரின் சம்மதத்தைக் கேட்டது. பொருளாதார நெருக்கடி முற்றிய 2022இல் அந்த வயது வரம்பு இரண்டாகக் குறைக்கப்பட்டது. டொலர் தேவைப்பட்டபோது தாய்மைக்கான காலம் மூன்று வருடம் சுருங்கிவிட்டது. தாய்க்குப் போட்ட நிபந்தனை எதுவும் தகப்பன் மத்திய கிழக்குக்குப் போகும்போது கேட்கப்படவில்லை.

இளையவர்களிடம் நிலைமை இன்னும் வேடிக்கையானது. சாதி, சொந்தம் பார்க்காமல் தாமே பழகிக் கட்டிக்கொண்டவர்கள் அதிகம். காதலித்த காலத்தில் அவன் அவள் பேச்சைக் கேட்கிறான், போன் எடுக்காவிட்டால் தவிக்கிறான். அந்த நாட்களின் தராசில்தான் அவள் கலியாணத்தை நிறுத்துப் பார்க்கிறாள். அவனோ கலியாணம் முடிந்த மறுநாளிலிருந்து தன் தகப்பனின் தராசை எடுத்துக்கொள்கிறான். "கட்டுறதுக்கு முந்தி இப்படி இல்லையே" என்ற புகார் முந்தின தலைமுறைப் பெண்ணிடம் இருக்க வாய்ப்பில்லை. அவளுக்குக் கட்டுவதற்கு முந்தி என்று ஒரு காலமே கிடையாது. காதல் கலியாணம் பெண்ணுக்குச் சுதந்திரம் தந்ததா என்ற கேள்வியைவிட, அது அவளுக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் தந்தது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

விதிகளைப் பேசிவைக்கும் முயற்சி தமிழுக்குப் புதிதல்ல. சுயமரியாதைக் கலியாணம் அதைத்தான் செய்யப் பார்த்தது. புரோகிதரை நீக்கி, இருவரும் ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாகச் சபையில் சொல்லவைத்தது. தமிழ்நாட்டில் 1967இல் அதற்குச் சட்ட அங்கீகாரமும் கிடைத்தது. திராவிட இயக்கத்தின் காற்று இலங்கைத் தோட்டங்களிலும் அடித்தது. ஆனால் மணமேடையில் சமம் என்று சொல்லிவிட்டு இறங்கிய பலர் வீட்டுச் செலவு யார் கையில், குடிக்கு எல்லை எது, பிள்ளை எப்போது, மனமில்லாத இரவில் என்ன என்ற விபரங்களைப் பேசவேயில்லை. பொது உறுதிமொழி இருந்தது. சண்டை வருவது விபரங்களில்.

மீறல் நடந்த பிறகு போவதற்கு வழிகள் இருக்கின்றன. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பதிவு செய்யாமல் சேர்ந்து வாழ்ந்தவர்களும் கேட்கலாம். அடி மட்டுமல்லாமல் மனதை நொறுக்கும் கொடுமையும் அதில் வன்முறைதான். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். இரத்தினபுரியிலும் கேகாலையிலும் பொலிஸில் தமிழில் முறைப்பாடு எழுத ஆள் கிடைப்பது இன்னொரு கதை. சிங்களம் பேசத் தெரிந்த பெண்ணும் தன் படுக்கையறையைச் சிங்களத்தில் சொல்லத் தடுமாறுவாள். ஆகவே அவள் முதலில் தலைவரிடம் போகிறாள். தலைவர் தொழிற்சங்கக்காரர். துரையோடு பேரம் பேசுவதில் தேர்ந்தவர். எட்டு மணி நேர வேலைக்கு என்ன கொடுக்க வேண்டும், கூடுதல் கிலோவுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று பைசா பைசாவாகக் கேட்டு வாங்குபவர். அதே மனிதர் வீட்டுப் பிரச்சினை என்று வந்ததும் கொடுப்பதும் எடுப்பதும் பற்றிய பேச்சையே விட்டுவிட்டு அனுசரித்துப் போகச் சொல்கிறார். தோட்டத்துக்கும் தொழிலாளிக்கும் இடையே கூட்டு ஒப்பந்தம் வேண்டுமென்று தெரிந்தவருக்கு, காம்பராவுக்குள்ளும் அவள் ஓர் ஒப்பந்தத்தைத்தான் எடுத்துக்காட்டுகிறாள் என்று தோன்றுவதேயில்லை.

லயங்களை விட்டுத் தனி வீடுகளுக்கு மாறும் திட்டங்கள் இப்போது மெல்ல நகர்கின்றன. இந்திய உதவி வீடுகளும் அரசாங்கத்தின் வீடுகளும் தனித்தனி நிலத்துண்டுகளில் எழும்புகின்றன. இருநூறு வருடத்தில் முதல்முறையாக இந்தக் குடும்பங்களுக்கு நிலத்தின் மேல் ஒரு பத்திரம் கிடைக்கத் தொடங்கியிருக்கிறது. அந்தப் பத்திரத்தில் யார் பேர் என்பதை மேடையில் பேசுபவர்கள் சிறு விபரமாக நினைக்கிறார்கள். குடும்பத் தலைவன் பேரில் மட்டும் எழுதினால், பழைய சம்பள மேசையின் வழக்கம் சிமெந்துச் சுவரில் மறுபடி ஏறும். அவள் அங்கே அடங்கியிருப்பது விருப்பத்தாலா, வேறு கூரை இல்லாததாலா என்பதைக் கணவனாலும் கண்டுபிடிக்க முடியாது. இருவர் பேரிலும் எழுதினால் சண்டை குறையும் என்று யாரும் உறுதி தர முடியாது, கூடக்கூடச் செய்யலாம். ஆனால் அதன் பிறகும் ஒருத்தி புருஷன் சொல்லைக் கேட்டு நடந்தால், ஏன் கேட்கிறாள் என்பது அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கும்.